அல்பர்ட்ஸ்லுண்டுப் பிள்ளைக்கு ஆன்லைன் டியூஷன்: எதற்கு வைக்கலாம், எதற்கு வேண்டாம்

கோப்பன்ஹேகனில் எஸ்-ரயில் ஏறினால் அரை மணிக்குள் அல்பர்ட்ஸ்லுண்ட் வந்துவிடும். 1960களிலும் 70களிலும் திட்டம் போட்டுக் கட்டிய புறநகர். பல நாட்டுக் குடும்பங்கள் சுவருக்குச் சுவர் வாழும் ஊர். இங்கும் சுற்றுவட்டத்திலும் உள்ள தமிழ்ப் பெற்றோரில் சிலர் 80களில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். சிலர் அண்மையில் சென்னை, கோவையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். வந்த வழி வேறானாலும் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் எல்லோரும் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: சொந்த ஊரிலுள்ள ஓர் ஆசிரியரைப் பிடித்து ஆன்லைனில் டியூஷன் வைத்துவிடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழுக்கு, தாராளமாக வையுங்கள். கணக்குக்கு, ஆசிரியர் டென்மார்க் பாடத்தைப் படித்துக்கொண்டு சொல்லித்தரத் தயார் என்றால் மட்டும் வையுங்கள். டேனிஷ் மொழிக்குத் திரையை நம்ப வேண்டாம். அதற்கு ஆட்கள் அருகிலேயே இருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி எழுவதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம். டென்மார்க்கின் அரசுப் பள்ளியான ஃபோல்கஸ்கோலவில் ஏழாம் வகுப்பு வரை மதிப்பெண் கிடையாது. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில், பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு, மாதாமாதம் ரேங்க் கார்டு என்று வளர்ந்த நமக்கு அது வெறுமையாகத் தெரிகிறது. பிள்ளை படிக்கிறதா இல்லையா என்றே புரிவதில்லை. திடீரென்று எட்டாம் வகுப்பில் 7 என்று ஒரு மதிப்பெண் வருகிறது. உச்சம் 12 என்று தெரிந்ததும், பன்னிரண்டுக்கு ஏழுதானா என்று வீட்டில் புயல் அடிக்கிறது.

டேனிஷ் அளவுகோலில் மொத்தம் ஏழு படிகள்: -3, 00, 02, 4, 7, 10, 12. இது பன்னிரண்டுக்கு இத்தனை என்று போடுகிற கணக்கு அல்ல. 7 என்றால் நல்ல தேர்ச்சி. 4 சுமார். 02 வாங்கினால் தேர்ச்சி பெற்றதாக அர்த்தம். மேல்நிலைப் பள்ளியான மூன்றாண்டு ஜிம்னேசியத்தில் சேர ஃபோல்கஸ்கோலவிலிருந்து நேரே போகும் பிள்ளைக்குக் கேட்கப்படும் சராசரி 5.0. தொழிற்கல்விக்குப் போக டேனிஷிலும் கணக்கிலும் குறைந்தது 02 வேண்டும். 7 வாங்கிய பிள்ளையைத் திட்டி, டியூஷனில் சேர்த்து, கால்பந்துப் பயிற்சியை நிறுத்துகிற வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு எந்த டியூஷனும் தேவையில்லை.

உண்மையிலேயே சறுக்கும் பிள்ளைக்கு வருவோம். கணக்கில் பின்தங்குகிறான் என்று சொல்லும்போது, எதில் பின்தங்குகிறான் என்று யாராவது பார்த்தார்களா? ஒன்பதாம் வகுப்பு எழுத்துத் தேர்வில் கணக்குக்கு இரண்டு பகுதிகள். ஒன்று, எந்த உதவிக் கருவியும் இல்லாமல் போட வேண்டியது. மற்றொன்று, கணினியும் மென்பொருளும் வைத்துக்கொண்டு போடுவது. இந்த இரண்டாவது பகுதியில் பெரும்பாலும் அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்த நீண்ட கேள்விகள். அவற்றை டேனிஷில் வாசித்துப் புரிந்துகொண்டால்தான் எந்த எண்ணை எதோடு பெருக்குவது என்றே தெரியும். பெருக்கல் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிந்த பிள்ளை இங்கே தடுமாறினால், குறை வாசிப்பில் இருக்கிறது. அதற்கு மாம்பலத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒருவர் இன்னும் நூறு பெருக்கல் கணக்குக் கொடுத்து என்ன பயன்?

வாசிப்பில் குறை என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதே பிறவியிலிருந்து கடினம். ஆங்கிலத்தில் டிஸ்லெக்சியா என்பதை இங்கே ஊர்பிளின்ட் என்பார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையிடம் இது தெரிந்தால், வீட்டு மொழி வேறு, அதனால்தான் தாமதம் என்று பள்ளியும் பெற்றோரும் கடந்து போய்விடுவது எளிது. டென்மார்க்கில் இதற்கென்று 2015 முதல் தேசிய அளவில் ஒரே சோதனை இருக்கிறது. மூன்றாம் வகுப்பின் பிற்பகுதியிலிருந்து எழுதலாம். பிள்ளை தமிழிலும் எழுத்துக் கூட்டத் திணறுகிறதென்றால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அந்தச் சோதனையைக் கேளுங்கள். உறுதியானால் எழுத்தை ஒலியாக வாசித்துக் காட்டும் மென்பொருள் போன்ற உதவிகள் பள்ளி வழியாகவே கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் டியூஷனை மட்டும் கூட்டிக்கொண்டே போவது பிள்ளையைக் காயப்படுத்தும். தனக்கு மூளை இல்லை என்று அது நம்பத் தொடங்கிவிடும்.

சரி, திரை வழியாகக் கற்பித்தால் பலன் உண்டா? உண்டு. கொரோனா காலம் அதற்கு நல்ல சான்றுகளைத் தந்துவிட்டுப் போயிருக்கிறது. 2020இல் இத்தாலியில் பள்ளிகள் மூடியிருந்தபோது, பல்கலைக்கழக மாணவர்கள் தன்னார்வலர்களாக நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையவழியில் தனித்தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம். எலியானா லா ஃபெராரா, மிகேலா கார்லானா என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் அதை அளந்து பார்த்தார்கள். பாடத்தில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகளின் மனநிலையும் மேம்பட்டிருந்தது. ஸ்பெயினில் 2021இல் கணக்கு ஆசிரியர்கள் ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு வாரம் நடத்திய இணைய வகுப்பிலும் நல்ல பலன் கிடைத்தது.

இந்த இரண்டிலும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கற்பித்தவர்கள் அந்தந்த நாட்டுக்காரர்கள். பிள்ளை பள்ளியில் கேட்கும் மொழியிலேயே பேசினார்கள். எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்பதைச் சொன்னது பள்ளி. இத்தாலித் தன்னார்வலர்களுக்குக் கல்வி வல்லுநர்கள் பின்னாலிருந்து பயிற்சியும் கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் நாற்பது பேரைத் திரையில் உட்காரவைத்து ஒருவர் பேசிக்கொண்டே போகும் வகுப்பு இந்தக் கணக்கில் வராது. அதை டியூஷன் என்று விற்கிறவர்களுக்கு இந்த ஆய்வுகளைச் சான்றாகக் காட்ட உரிமையில்லை.

இப்போது கணக்கு. ஊரிலுள்ள கணக்கு ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியானாலும் அல்பர்ட்ஸ்லுண்டுப் பிள்ளைக்கு முன்னால் வந்ததும் சில இடங்களில் இடறுவார். டென்மார்க்கில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. நாம் 1,250.50 என்று எழுதுவதை இங்கே 1.250,50 என்று எழுதுவார்கள். பெருக்கலுக்கு நடுவில் ஒரு புள்ளி போதும், வகுத்தலுக்கு இரட்டைப்புள்ளி. கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளி வைத்து நாம் வகுத்தலுக்குப் போடும் ÷ குறி இருக்கிறதே, அதைக் கழித்தலுக்குப் போடும் பழைய வழக்கம் டென்மார்க்கில் உண்டு. எனவே திரையில் ஆசிரியர் 12 ÷ 4 என்று எழுதினால் பிள்ளை ஒரு கணம் திகைக்கும். இதெல்லாம் சின்ன விஷயமென்று தள்ள முடியாது; நான்காம் வகுப்பில் தசமம் புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு, பள்ளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகப் பார்த்தால் இரண்டும் குழம்பிப்போகும்.

கருவிகளும் வேறு. இங்கே பிள்ளைகள் ஜியோஜீப்ராவில் வரைபடம் போடுகிறார்கள், தேர்விலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பல பள்ளிகளில் மாட்டமாட்டிக்ஃபெசோர் என்ற தளத்தில் பயிற்சிக் கணக்குகள் கொடுக்கிறார்கள். கணக்கு போடும் முறைக்கும் விளக்கத்துக்கும் மதிப்பு உண்டு. விடை சரியாக இருந்தும் எப்படி வந்தது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைக்காது. குறுக்குவழி மனக்கணக்கையும் சூத்திர மனப்பாடத்தையும் மட்டுமே பயிற்றும் டியூஷன் இந்தப் பள்ளிக்கு ஒத்துவராது. ஏன் அப்படி என்று பிள்ளையிடம் கேட்டு, அது டேனிஷிலோ தமிழிலோ உடைத்துச் சொல்லும்வரை காத்திருக்கும் ஆசிரியர் கிடைத்தால் அவர் எங்கிருந்தாலும் சேருங்கள். அவர் யாழ்ப்பாணத்திலேயே இருக்கட்டும். ஆனால் முதல் வகுப்புக்கு முன் பிள்ளையின் பள்ளிப் புத்தகத்திலிருந்து பத்துப் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு உங்களிடம் கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்காமலே, இதெல்லாம் நம்ம சிலபஸுக்கு முன்னால் ரொம்பச் சுலபம் என்பவர் வேண்டாம்.

நேரத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. டென்மார்க்கை விடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் முன்னால், கோடையில் மூன்றரை. பிள்ளை பள்ளி விட்டு, பள்ளிக்குப் பிறகான கிளப் முடித்து, சாப்பிட்டு ஆறு மணிக்கு உட்கார்ந்தால், குளிர்காலத்தில் அங்கே இரவு பத்தரை. நாள் முழுக்கப் பள்ளியில் கத்திவிட்டு வந்த ஆசிரியர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு எடுக்கும் வகுப்பில் என்ன இருக்கும்? மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் இங்கே கடிகாரம் மாறும், அங்கே மாறாது. அந்த வாரங்களில் வகுப்பு தவறிப்போய் மனஸ்தாபம் வருவது வழக்கம். ஞாயிறு காலை ஒன்பது மணி வைத்தால் அங்கே மதியம். இரு பக்கமும் தெளிவாக இருக்கும்.

டேனிஷுக்குத் திரை வேண்டாம் என்றேன். காரணம் எளிது. அந்த மொழி பிள்ளையைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளி முடிந்து கிளப்பில் டேபிள் டென்னிஸ் ஆடும்போதும், நீச்சலுக்குப் போகும்போதும், சண்டை போட்டுச் சமாதானம் ஆகும்போதும் வருகிற டேனிஷை எந்த ஆசிரியராலும் மணிக்கணக்கில் அளந்து கொடுக்க முடியாது. டியூஷனுக்காகக் கிளப்பை நிறுத்தினால் மொழி கற்கும் இடத்தையே பூட்டியதாகிவிடும். இருமொழிப் பிள்ளைகளுக்கு டேனிஷை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் கூடுதல் உதவி பள்ளியிலேயே உண்டு. 2014 பள்ளிச் சீர்திருத்தம் வீட்டுப்பாட உதவியைப் பள்ளி நாளுக்குள் கொண்டுவந்தது. இப்போது உங்கள் பள்ளியில் அது எந்த வடிவில் நடக்கிறதென்று கேளுங்கள். நாடு முழுக்கத் தன்னார்வலர்கள் வீட்டுப்பாட கஃபே நடத்துகிறார்கள். அங்கே கட்டணம் கிடையாது. அல்பர்ட்ஸ்லுண்ட் நூலகத்தில் போய் அருகில் எங்கே, என்றைக்கு நடக்கிறதென்று விசாரியுங்கள். கூச்சப்பட எதுவும் இல்லை. அங்கே டேனிஷ்காரப் பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள்.

ஆசிரியர் சந்திப்பில், உங்கள் மகள் வகுப்பில் அமைதியாக இருக்கிறாள் என்று சொன்னால் நம்மவர்கள் மகிழ்ந்து தலையாட்டுகிறார்கள். இங்கே அது பாராட்டு அல்ல. கை தூக்கிப் பேசுவதும் குழுவாகச் சேர்ந்து வேலை செய்வதும் மதிப்பீட்டில் சேரும். பேசக் கூசும் பிள்ளைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு தருகிறேன்: டென்மார்க்கிலேயே படித்து வளர்ந்த, ஜிம்னேசியத்திலோ பல்கலைக்கழகத்திலோ இருக்கும் ஒரு தமிழ் அக்காவோ அண்ணாவோ வாரத்தில் ஒரு நாள் திரையில் வந்து டேனிஷில் பேசிப் பழக்கினால் நல்லது. ஓர்ஹூஸிலோ ஓடென்ஸவிலோ இருப்பவரைக்கூட இப்படிப் பிடிக்கலாம். ஆன்லைன் டியூஷனின் மிகச் சிறந்த பயன் இதுதான் என்பது என் எண்ணம். அவர்கள் இதே பள்ளிமுறையைக் கடந்து வந்தவர்கள். எங்கே தடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தமிழுக்கு நிலைமையே வேறு. 2002க்குப் பிறகு, டேனிஷ் நகராட்சிகள் கட்டாயம் தாய்மொழி வகுப்பு தர வேண்டியது ஐரோப்பிய ஒன்றிய, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளின் குடும்பங்களுக்கும் ஃபாரோ, கிரீன்லாந்துப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான். நம் பிள்ளைகள் அதில் இல்லை. ஜூட்லாந்தில் ஹெர்னிங் போன்ற ஊர்களில் தமிழர் செறிந்து வாழ்வதால் அங்கே வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு ஆள் சேரும். கோப்பன்ஹேகன் பக்கத்தில் ஒரே வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேரை ஒரே அறையில் சேர்ப்பதே கடினம். இங்கேதான் திரை கைகொடுக்கிறது. ஊரிலிருக்கும் ஆசிரியரின் பேச்சுத் தமிழ், கதை, பாட்டு எல்லாம் பிள்ளைக்கு நேராக வந்து சேரும். தமிழ்நாடு அரசு 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் மழலைக் கல்வியிலிருந்து பட்டப்படிப்பு வரை பாடங்களை இணையத்திலேயே வைத்திருக்கிறது. அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு வாரம் இருமுறை அரை மணி நேரம் ஒருவரோடு பேசவும் வாசிக்கவும் வைத்தால் போதும். வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப்போக வழியிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்; தோழர்களோடு தமிழ் பேசும் இடம் அது ஒன்றுதான்.

எந்தப் பாடமானாலும், வகுப்பு நடக்கும் விதத்தில் சிலவற்றைக் கறாராக வைத்திருங்கள். மூன்றாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளையை இருபது நிமிடத்துக்கு மேல் திரையில் பிடித்துவைக்கக் கூடாது. பெரிய பிள்ளைக்கு நாற்பத்தைந்து நிமிடம். ஆசிரியருக்குப் பிள்ளையின் முகத்தைவிடக் கை தெரிவது முக்கியம். ஒரு பழைய போனை நோட்டுப்புத்தகத்துக்கு மேலே நிறுத்தி, எழுதும்போதே அவர் பார்க்கும்படி செய்யுங்கள். எங்கே அடித்தது, எங்கே யோசித்து நின்றது என்பதைக் கண்டால்தான் தவறு எங்கே பிறக்கிறதென்று தெரியும். விடையை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டால் பாதித் தகவல் போய்விடும்.

வகுப்பு கூடத்தில் நடக்கட்டும், கதவைச் சாத்திய அறையில் வேண்டாம். டென்மார்க்கில் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் வேலைக்கு ஆள் எடுக்கும் அமைப்புகள், போர்னெஅட்டெஸ்ட் எனப்படும் காவல்துறைச் சான்றைப் பெற வேண்டும். வெளிநாட்டிலிருந்து திரையில் வருபவருக்கு அப்படி ஒரு காப்பு இல்லை. ஆசிரியர் பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது. எல்லாம் உங்கள் எண் வழியாகவே போகட்டும். நல்ல ஆசிரியர் எவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வகுப்பைப் பதிவு செய்கிறார்களா, பதிவை எங்கே வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளிகளில் குரோம்புக்கும் கூகுள் சேவைகளும் பயன்படுத்திய விதத்துக்கே 2022இல் டேனிஷ் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. நகராட்சிக்கே அந்தக் கண்டிப்பு என்றால், முகவரி தெரியாத ஒரு நிறுவனத்திடம் நாம் கேள்வி கேட்பதில் தவறென்ன?

பணம் மாதாமாதம் கட்டுங்கள். ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் பாதிக்குப் பாதி தள்ளுபடி என்று எவர் சொன்னாலும் வேண்டாம். இந்திய இணையக் கல்வி நிறுவனமான பைஜூஸ் 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனமாகப் பேசப்பட்டது. 2024 ஜூலையில் அதன் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. அவ்வளவு பெரியதே அப்படி என்றால், சின்ன நிறுவனத்தில் கட்டிய முன்பணத்துக்கு என்ன உத்தரவாதம்? டென்மார்க் நிறுவனத்திடம் இணையத்தில் வாங்கினால் பதினான்கு நாளுக்குள் விலகிக்கொள்ளும் உரிமை சட்டப்படி உண்டு. அதற்குள் நடந்த வகுப்புகளுக்குக் காசு கேட்கலாம். இந்திய, இலங்கை நிறுவனத்தோடு அப்படிப் போராடிப் பணம் திரும்ப வாங்குவது நடக்கிற காரியமல்ல. தனி ஆசிரியராக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஊரில் ஒரு குடும்பம் பிழைக்கவும் உதவியாக இருக்கும்.

எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடத்தைப் பிள்ளை முன்னைவிடத் தானாகச் செய்கிறதா என்பதுதான் அளவுகோல். ஆசிரியர் திரையில் இல்லாதபோது ஒரு கணக்கும் போட மறுக்கிறதென்றால், டியூஷன் அதற்கு ஊன்றுகோலாகிவிட்டது; நிறுத்துங்கள். பிள்ளை அழுதுகொண்டு உட்கார்ந்தாலும் நிறுத்துங்கள். ஒரே ஒரு பாடப்பகுதி, பின்னமோ சதவீதமோ, புரிந்துவிட்டதென்றால் நன்றி சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் நடந்தால்தான் டியூஷன் என்பதில்லை.

எந்த ஆசிரியரையும் தேடும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பள்ளியோடு பேச நமக்குக் கையில் ஆவ்லா என்ற செயலி இருக்கிறது. இந்த வாரமே அதில் வகுப்பாசிரியருக்கு எழுதுங்கள். என் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் எந்த இடம் கடினமாக இருக்கிறது? அது வாசிப்பாலா, கணக்காலா? பள்ளி என்ன உதவி தருகிறது? வீட்டில் நாங்கள் எதைப் பயிற்சி செய்யலாம்? டேனிஷ் வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதலாம். பதில் வந்த பிறகு டியூஷனைப் பற்றி முடிவு செய்யுங்கள். வைத்தால் அந்தப் பதிலை அப்படியே டியூஷன் ஆசிரியருக்கும் அனுப்பிவையுங்கள்.